விடையைச் சொல்லிவிடலாமா?

“மாமா, ஆன்ஸர் மட்டும் அனுப்பிடுங்க. நாளைக்குக் காலையில சப்மிட் பண்ணணும்.”

இரவு 11.20க்கு இந்தச் செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவன் என் அக்காள் மகன். உயர்நிலை 3ல் கணினியியல் எடுத்துப் படிக்கிறான். வீட்டுப்பாடத் தாளையும் தான் எழுதிய நிரலையும் படம் பிடித்துக் கூடவே அனுப்பியிருந்தான்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு நாளும் பெய்த மழையின் அளவை மில்லிமீட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக நிரலுக்குக் கொடுப்பார்கள். 99999 என்று கொடுத்தால் ‘எண்கள் முடிந்துவிட்டன’ என்று பொருள். அப்போது நிரல் (அ) சராசரி மழையளவையும் (ஆ) மிக அதிகமாக மழை பெய்த நாளின் அளவையும் காட்ட வேண்டும். அவன் (அ) பகுதியிலேயே நின்றுவிட்டான்.

விடை ஏழு வரிதான். நான் தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம் ஆகும். அவன் தூங்கப் போகலாம், நானும் போகலாம். ஆனாலும் கை தயங்கியது. நிரலாக்கம் கற்றுத் தரும் ஆசிரியர்கள், துணைப்பாட ஆசிரியர்கள், கணினித் துறையில் வேலை பார்க்கும் மாமாக்கள், அத்தைகள் எல்லாரும் வாரம் ஒரு முறையாவது சந்திக்கும் தயக்கம் இது. தொடக்க நிலையில் இருப்பவர் வீட்டுப்பாடத்துக்கு நேரடி விடை கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா?

ஆளுக்கொரு கருத்து சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது ‘கொடு’ என்றும் இல்லை, ‘கொடுக்காதே’ என்றும் இல்லை.

25 மீட்டர் மழை

முதலில் பையனின் நிரலைப் பார்ப்போம். பைத்தானில் எழுதியிருந்தான். நிரலாக்கம் அறியாதவர்களுக்காக அதைத் தமிழில் தருகிறேன்.

மொத்தம் = 0
எண்ணிக்கை = 0
மழை = 0
மழை 99999 ஆகாத வரை திரும்பத் திரும்பச் செய்:
— மழையைப் படி
— மொத்தத்துடன் மழையைக் கூட்டு
— எண்ணிக்கையுடன் 1 கூட்டு
மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்துக் காட்டு

படிக்கும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. 10, 20, 30 என மூன்று நாள் மழையைக் கொடுத்துவிட்டு 99999 என்று முடித்தால் சராசரி 20 வர வேண்டும். அவனுக்கு வந்தது 25014.75. அதாவது 25 மீட்டர் மழை. சிங்கப்பூரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 2,100 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இவன் கணக்கில் ஒரே நாளில் வீவக புளோக்கின் எட்டாவது மாடி வரை தண்ணீர்.

பிழை எங்கே என்று கண்டுகொண்டிருப்பீர்கள். ‘முடிந்தது’ என்பதற்கான அடையாளமாக வந்த 99999ஐயும் நிரல் மழையாக நினைத்துக் கூட்டிவிட்டது. 99999 ஆகிவிட்டதா என்ற சோதனை சுழற்சியின் தலைப்பில் மட்டுமே நடக்கிறது. உள்ளே நுழைந்துவிட்டால் அந்த மூன்று வரிகளும் நடந்தே தீரும்.

இந்தக் கணக்கு பள்ளி ஆசிரியர் புதிதாக உருவாக்கியதன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலோவே என்ற ஆய்வாளர் தொடக்க நிலை மாணவர்களுக்குக் கொடுத்த கணக்கின் தம்பி இது. ‘மழைக் கணக்கு’ என்ற பெயரில் கணினிக் கல்வி ஆய்வுலகில் 40 ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. பார்க்க எளிது, எழுதத் தொடங்கினால் பெரும்பாலோர் வழுக்கி விழுவார்கள். என் அக்காள் மகன் விழுந்த இடம் உலகப் புகழ்பெற்ற பள்ளம்.

நான் செய்த இரண்டு தவறுகள்

தயங்கியதற்குக் காரணம் உண்டு. இதே கேள்விக்கு முன்பு இரண்டு முறை பதில் சொல்லி, இரண்டு முறையும் கெடுத்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், அண்டை வீட்டுப் பையன் ஒருவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வாரந்தோறும் பயிற்சித் தாளுடன் வருவான். நானும் உற்சாகமாக நிரல் எழுதிக் கொடுத்து, வரி வரியாக விளக்கவும் செய்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். வீட்டுப்பாட மதிப்பெண்கள் நன்றாக வந்தன. பருவ இறுதியில் கணினிக் கூடத்தில் அமர்ந்து தானே எழுத வேண்டிய தேர்வு வந்தது. முதல் வரியோடு நின்றுவிட்டான். பிறகு என்னிடம் சொன்னான்: “உங்க புரோகிராம் எல்லாம் எனக்குப் புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு அண்ணே.”

அந்த அனுபவத்தால் அடுத்த பக்கம் சாய்ந்தேன். தங்கை முறையாகும் பெண் ஒருத்தி தொடக்கக் கல்லூரியில் படிக்கும்போது உதவி கேட்டாள். நிரல் ஓடவில்லை, ஏதோ பிழைச் செய்தி வருகிறது என்றாள். “நீயே தேடிப் பார், அப்போதுதான் கற்பாய்” என்று சொல்லிவிட்டேன். இரண்டரை மணி நேரம் தேடினாள். பிழை இதுதான்: வரிகளின் தொடக்கத்தில் சில இடங்களில் இடைவெளி விசையையும் சில இடங்களில் டேப் விசையையும் தட்டியிருந்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைத்தானுக்கு அப்படியில்லை. “இது எனக்கு வராது அண்ணா” என்றாள். அடுத்த மாதம் பாடத்தையே மாற்றிக்கொண்டாள். அந்த இரண்டரை மணி நேரத்தில் நிரலாக்கத்தைப் பற்றி அவள் எதையும் கற்கவில்லை. தன்னைப் பற்றித் தவறாக ஒன்றைக் கற்றுக்கொண்டாள், அதற்கு நான் உடந்தை.

ஆகவே ‘போராடினால்தான் கற்பார்கள்’ என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எதில் போராடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைக்க வேண்டும் என்பதும், விசைப்பலகையிலிருந்து வாங்கும் எண்ணைப் பைத்தான் முதலில் எழுத்துகளாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த மொழியை அமைத்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடுகள். எவ்வளவு யோசித்தாலும் யோசனையால் அவற்றை அடைய முடியாது. ‘மாம்பழத்துக்கு மலாயில் என்ன?’ என்று கேட்கும் குழந்தையிடம் ‘நீயே கண்டுபிடி’ என்று யாரும் சொல்வதில்லை. இந்த வகைக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. மழைக் கணக்கின் பள்ளம் வேறு வகை. அது யோசித்து அடையக்கூடியது. அடைந்தால் அடுத்த நூறு நிரல்களுக்கு உதவும்.

தலைக்குள் எத்தனை இடம்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடம் இயற்கணிதம். ஒரு பிரிவு மாணவர்கள் எல்லாக் கணக்குகளையும் தாங்களே போட்டார்கள். மற்றொரு பிரிவினருக்கு, முழுமையாகச் செய்துகாட்டப்பட்ட ஒரு கணக்கு, அடுத்து அதே மாதிரி தாங்களே செய்ய ஒரு கணக்கு என்று மாறி மாறி வந்தன. செய்துகாட்டிய கணக்குகளைப் படித்தவர்கள் குறைந்த நேரத்தில் கற்றார்கள். பின்னர் அதே வகைக் கணக்குகளைக் கொடுத்தபோது விரைவாகவும் குறைந்த பிழைகளுடனும் செய்தார்கள்.

பாதிக் கணக்குகளுக்கு விடையைக் கையில் கொடுத்தும் அவர்கள் பின்தங்கவில்லை. ஏன்? ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியவை சில துணுக்குகள்தான். புதிதாக நிரல் எழுதுபவர் மொழியின் இலக்கணம், மாறிகளின் பெயர், கணக்கு எதைக் கேட்கிறது, இப்போது எந்த வரியில் நிற்கிறோம் என எல்லாவற்றையும் அந்தச் சின்ன மேசையிலேயே பரப்பி வைக்க வேண்டும். மேசை நிறைந்துவிடுகிறது. ‘இதிலிருந்து நான் என்ன கற்கிறேன்’ என்று பார்க்க இடமே இல்லை. செய்துகாட்டிய விடை அந்தச் சுமையில் பெரும்பகுதியை இறக்கி வைக்கிறது.

ஆனால் கவனியுங்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கேட்ட கணக்கின் விடையன்று, பக்கத்துக் கணக்கின் விடை. அடுத்ததை அவர்களே செய்ய வேண்டியிருந்தது. நம் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மழைக் கணக்கைக் கேட்டால் மழைக் கணக்கையே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். செய்ய எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பதிலாக ‘பேருந்துக் கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கொடு, -1 வந்தால் நிறுத்தி மொத்தம் காட்டு’ என்ற கணக்கை ஒளிவுமறைவு இல்லாமல் முழுமையாக எழுதிக் கொடுத்து, ‘இதைப் பார்த்து உன்னுடையதைச் செய்’ என்றால் நிலைமை வேறு. நேரடி விடையும் கொடுத்தாயிற்று, வீட்டுப்பாடமும் அவனிடமே இருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கற்பவர் முன்னேற முன்னேற, செய்துகாட்டிய விடைகளால் கிடைக்கும் பலன் தேய்ந்து, ஒரு கட்டத்துக்குமேல் இடைஞ்சலாகவே மாறுகிறது என்று ஸ்வெல்லரும் அவர் சகாக்களும் 2003ல் எழுதினார்கள். முதல் மாதத்தில் தேவைப்பட்ட உதவி ஆறாம் மாதத்தில் காலைத் தடுக்கும். ஒரே மாமா, ஒரே பையன், ஒரே வகைக் கேள்வி என்றாலும் பதில் மாற வேண்டும்.

தோற்ற பிறகு சொல்வது

எதிர்த் திசையிலிருந்து ஒரு குரல் நம் ஊரிலிருந்தே எழுந்தது. மனு கபூர் இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்றார். ‘பயன்தரும் தோல்வி’ என்பது அவர் முன்வைத்த கருத்து. சிங்கப்பூர் உயர்நிலை மாணவர்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். பல ஆண்டுகளில் காற்பந்து வீரர்கள் மூவர் போட்ட கோல்களின் பட்டியல் இது. இவர்களில் யார் ஆட்டத்தில் அதிக நிலைத்தன்மை உள்ளவர்? இதற்குத் தேவையான புள்ளியியல் கருத்தை அவர்கள் இன்னும் படிக்கவில்லை. வரைபடம் போட்டார்கள், வித்தியாசங்களைக் கூட்டினார்கள், சராசரியை எடுத்தார்கள். சரியான முறையை எட்டவில்லை. அதன்பின் ஆசிரியர் அவர்களுடைய முயற்சிகளையே எடுத்துவைத்துச் சரியான முறையை விளக்கினார். முதலிலேயே விளக்கம் கேட்டுப் பிறகு பயிற்சி செய்த மாணவர்களைவிட, கருத்தைப் புரிந்துகொள்வதிலும் புதிய சூழலில் பயன்படுத்துவதிலும் இவர்கள் மேலாக வந்தார்கள்.

‘தோல்வி நல்லது’ என்று மட்டும் இதை எடுத்துக்கொள்பவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள். கபூரின் வகுப்பில் கடைசியில் விடை சொல்லப்பட்டது, முழுமையாகவே. முயற்சி முன்னால், விளக்கம் பின்னால். விளக்கமே வராத தோல்வி என் தங்கைக்கு நேர்ந்ததுதான். தன்மே சின்ஹாவுடன் சேர்ந்து பல ஆய்வுகளைத் தொகுத்து 2021ல் அவர் வெளியிட்ட கட்டுரையிலும் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே மேல் என்று தெரிந்தது. முயன்று பார்க்கவும் கையில் கொஞ்சம் சரக்கு வேண்டுமல்லவா.

ஸ்வெல்லர் பக்கத்தினருக்கும் கபூர் பக்கத்தினருக்கும் விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குப் படுவது: இருவரும் வேறு வேறு மணித்துளிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். முயலாமல் பெற்ற விடை ஒட்டுவதில்லை. முயன்று, எங்கே முட்டுகிறோம் என்று தெரிந்த பிறகு வரும் விடை ஒட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளி இரண்டரை மணி நேரமாக இருக்கத் தேவையில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, பள்ளி நாள் இரவில், இருபது நிமிடமே அதிகம்.

விடை கிடைத்த பிறகு

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ‘கொடுக்கலாமா’ என்ற கேள்வியே பழசாகிவிட்டது என்பார்கள். நான் அனுப்பாவிட்டால் சாட்ஜிபிடி அனுப்பும், அதுவும் அரை நிமிடத்தில். அந்தச் சோதனையையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். பாடம் கணிதம், நிரலாக்கம் இல்லை, ஆனால் கேள்வி நம்முடையதுதான். ஒரு பிரிவினர் சாதாரண உரையாடல் செயலியுடன் பயிற்சிக் கணக்குகளைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, விடையை நேரடியாகக் கூறாமல் ஆசிரியர்கள் எழுதித் தந்த குறிப்புகளை மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட செயலி. மூன்றாவது பிரிவினருக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டுமே. பயிற்சியின்போது முதல் பிரிவினர் மூன்றாம் பிரிவினரைவிட 48 விழுக்காடும் இரண்டாம் பிரிவினர் 127 விழுக்காடும் மேலாகச் செய்தார்கள். பிறகு செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவினர், செயலியையே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை. முதல் பிரிவினர் தாங்கள் குறைவாகக் கற்றதை உணரவும் இல்லை. “புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு அண்ணே” என்ற குரல் எனக்குக் கேட்கிறது.

இத்துடன் நிறுத்தினால் தீர்ப்பு எளிது. ஆனால் 2023ல் வெளிவந்த வேறோர் ஆய்வு உண்டு. இது நிரலாக்கத்தைப் பற்றியதே. 10 முதல் 17 வயதுவரையுள்ள 69 பேர். யாரும் முன்பு எழுத்து வடிவில் நிரல் எழுதியதில்லை. பைத்தானில் 45 பயிற்சிகள். பாதிப் பேருக்கு, கேட்டால் நிரலை எழுதித் தந்துவிடும் கருவி கொடுக்கப்பட்டது. அவர்கள் பயிற்சிகளை அதிகமாகவும் சரியாகவும் முடித்ததில் வியப்பில்லை. ஒரு வாரம் கழித்துக் கருவி இல்லாமல் வைத்த தேர்வில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை என்பதுதான் செய்தி. முன்பே ஸ்கிராட்ச் பயிற்சியில் நன்றாகச் செய்தவர்களுக்குக் கருவி நன்மையே செய்திருந்தது.

ஏன் இந்த முரண்? இரு ஆய்வுகளின் பாடமும் வயதும் சூழலும் வேறு, ஆகவே உறுதியாக ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விவரம் என் கண்ணில் பட்டது. இரண்டாவது ஆய்வில் ஒவ்வொரு நிரலை எழுதிய பிறகும், அந்த நிரலைச் சற்று மாற்றி அமைக்கும் பயிற்சி ஒன்று வந்தது. விடை கிடைத்ததோடு கதை முடியவில்லை, அதைத் திறந்து பார்த்து ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாகக் கணிதம் கற்பிக்கும் செயலிகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். அவற்றில் ‘உதவி’ பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் விடையே வந்துவிடும். மாணவர்கள் எதைச் செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இது ஏமாற்று வேலை என்றே கருதப்பட்டது. 2008ல் அந்தப் பதிவுகளை நுணுகிப் பார்த்த ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். விடையைப் பார்த்த பிறகு சட்டென்று அடுத்ததற்குத் தாவாமல் சிறிது நேரம் நின்று யோசித்தவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். அவர்கள் செயலியின் விடையைச் செய்துகாட்டிய கணக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் உண்டு, மற்றவர் எழுதியதைத் தன் பெயரில் கொடுப்பது தவறு என்பது வேறு. அதில் வாதிட ஒன்றுமில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாருடைய தாளும் சரியாக வந்துவிட்டால் வகுப்பில் எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வாத்து

‘எனக்கு நிரலாக்கமே தெரியாது, நான் எப்படி உதவுவது?’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு நற்செய்தி. ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்ற நிரலாளர்கள் 1999ல் எழுதிய நூலில் ரப்பர் வாத்து ஒன்று வருகிறது. பிழை அகப்படாவிட்டால் மேசைமேல் வாத்தை வைத்து அதனிடம் நிரலை வரி வரியாக விளக்கு என்பது யோசனை. பாதி விளக்கும்போதே பிழை தெரிந்துவிடும். உலகெங்கும் அனுபவமுள்ள நிரலாளர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் புகழ்பெற்ற தொடக்க நிலைக் கணினிப் பாடத்துக்காக 2023ல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கும் வாத்து வடிவமே கொடுத்தது. அது வழிகாட்டும், விடையை எடுத்துக் கொடுக்காத வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வாத்தாக அம்மா இருக்கலாம். நிரலாக்கம் தெரியாதது இங்கே ஒரு வசதி, ஏனென்றால் விடையைச் சொல்லிவிடும் ஆபத்து இல்லை. “இந்த வரி என்ன செய்யும்? அதுக்கு அப்புறம்?” என்று கேட்டால் போதும்.

இதன் பின்னணியும் தெளிவு. 2001ல் நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்கு நிரலாக்கத் தேர்வு வைத்தபோது, 110க்குச் சராசரியாக 23 மதிப்பெண்கூட வரவில்லை. ஓர் ஆண்டு படித்தவர்களும் அவர்களில் உண்டு. சிக்கலைத் தீர்க்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் எண்ணினார்கள். 2004ல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு இன்னும் அடியில் போய்ப் பார்த்தது. சின்ன நிரல் ஒன்றைக் கொடுத்து, இது ஓடினால் என்ன வரும் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதுவது இருக்கட்டும், வாசிப்பதே தடுமாற்றம். வாசிக்கத் தெரியாதவருக்கு நிரலை எழுதிக் கொடுத்தால் அவர் அதைப் பிரதி எடுப்பாரே தவிர வேறென்ன செய்வார்?

ஏழு வரிகள்

இனி அந்த இரவுக்கு வருகிறேன். விடை அனுப்பவில்லை. மறுக்கவும் இல்லை. “ஒரு பேப்பர் எடு. மழை, மொத்தம், எண்ணிக்கைன்னு மூணு கட்டம் போடு. நீதான் கம்ப்யூட்டர். 10, 20, 30, 99999 கொடுத்தா ஒவ்வொரு தடவையும் கட்டத்துல என்ன இருக்கும்னு எழுது” என்று அனுப்பினேன்.

எட்டு நிமிடத்தில் பதில் வந்தது. நான்காவது வரிசையில் மொத்தம் 100059 என்று எழுதி அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். அடுத்த நிமிடமே திருத்தமும் வந்தது. கடைசியில் மொத்தத்திலிருந்து 99999ஐக் கழித்துவிட்டான், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டான். விடை 20.

எனக்குச் சிரிப்பு வந்தது, பாராட்டவும் தோன்றியது. தவறென்று சொல்ல முடியாது, சராசரி சரியாகவே வருகிறது. “சரி, (ஆ) பகுதியில அதிகபட்ச மழை எவ்வளவு வரும்?” என்று கேட்டேன். சற்று நேரம் எதுவும் வரவில்லை. பிறகு, “99999 வரும்” என்று எழுதினான். கூட்டியதைக் கழிக்கலாம், ஆனால் ‘இதுதான் பெரியது’ என்று பிடித்துக்கொண்டதை எப்படிக் கழிப்பது?

இதற்குள் அக்காள் கைப்பேசியைப் பிடுங்கிப் பேசினார். “மணி பன்னெண்டு ஆகப் போவுது. புள்ள தூங்க வேணாமா? சொல்லித் தொலையேன்டா.” அவர் சொன்னதும் நியாயம்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பலதுறைத் தொழிற்கல்லூரியில் டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் என்ற இரு ஆசிரியர்கள் 2006ல் அறிமுகப்படுத்திய பயிற்சி முறை ஒன்று உண்டு. சரியான நிரலின் வரிகளை எல்லாம் கொடுத்துவிடுவது, ஆனால் கலைத்துப்போட்டு. மாணவர் செய்ய வேண்டியது வரிசைப்படுத்துவது மட்டுமே. வெற்றுத் திரையில் எழுதுவதைவிட இதற்குக் குறைந்த நேரமே ஆகிறது, கற்பதோ குறைவதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. நம் பையனுக்குச் சிக்கலே வரிசையில்தான் இருந்தது. ஆகவே ஏழு வரிகளைக் கலைத்து அனுப்பினேன். மொத்தத்தையும் எண்ணிக்கையையும் 0 ஆக்கும் வரி, சுழற்சியைத் தொடங்கும் வரி, கூட்டும் வரிகள் இரண்டு, சராசரி காட்டும் வரி. அவற்றுடன் ‘மழையைப் படி’ என்ற வரி இரண்டு முறை.

“மாமா, மழையைப் படிங்கிறது ரெண்டு தடவை வந்திருக்கு. தப்பா அனுப்பிட்டீங்களா?”

“இல்ல. ரெண்டும் வேணும்.”

அதன்பிறகு ஆறேழு நிமிடம் அமைதி. ‘தட்டச்சு செய்கிறார்’ என்று வரும், மறையும், மறுபடி வரும். இறுதியில் படம் வந்தது. ஒரு ‘மழையைப் படி’ சுழற்சிக்கு வெளியே, அதற்கு முன்னால். மற்றொன்று சுழற்சியின் கடைசி வரியாக, கூட்டல்கள் முடிந்த பிறகு. அதாவது படித்த எண் முதலில் வாசலில் சோதிக்கப்படும், பிறகே உள்ளே வரும். 99999 வாசலோடு திரும்பிவிடும். அதிகபட்சத்தைக் கண்டுபிடிக்கும் வரிகளை நான் அனுப்பவில்லை. அவனாகவே சேர்த்திருந்தான்.

“போய்த் தூங்கு” என்று அனுப்பிவிட்டு நானும் விளக்கை அணைத்தேன். காலை 6 மணிக்குக் கைப்பேசியை எடுத்தபோது, இரவு 12.31க்கு வந்த செய்தி ஒன்று காத்திருந்தது. “மாமா, முதல் எண்ணே 99999ன்னு கொடுத்தா எண்ணிக்கை 0 தானே? அப்போ 0ஆல வகுக்கச் சொல்லுமே?” அதற்குக் கீழே 12.44க்கு இன்னொரு படம். எண்ணிக்கை 0 ஆக இருந்தால் ‘தகவல் இல்லை’ என்று காட்டும்படி அவனே ஒரு நிபந்தனை எழுதியிருந்தான், ஆனால் நிரல் ஓட மறுக்கிறது என்றும் சொல்லியிருந்தான்.

அந்த நிபந்தனை வரியின் முடிவில் முக்காற்புள்ளி விடுபட்டிருந்தது. உடனே சொல்லிவிட்டேன்.